சுக்கான் கரட்டில் புரண்ட கற்கள்

7

“மேடம், கடப்பாரை மூச்சு விடுது.”

மாறன் சொன்னது எழிலரசியின் காதில் ஏறவில்லை. நாலைந்து நாளாக ஏரிக்கரையில் அலைந்த அலுப்பு அவள் கணுக்காலில் காய்ந்த சேறாக ஒட்டியிருந்தது. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவளுடைய அலுவலகம். ‘எழில் துப்பறியும் நிலையம்’ என்று கொட்டை எழுத்தில் பலகை மாட்டியிருந்தும், பௌர்ணமி தோறும் யாராவது மாடியேறி வந்து ரூம் கிடைக்குமா என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் மாறனை உதவியாளனாக வைத்திருக்கிறாள் என்று கீழே கடைக்காரர் சொல்லிச் சிரிப்பார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மாறன் லாட்ஜ் ஒன்றில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தவன். வயசு முப்பதைத் தாண்டிவிட்டது. வாய் அதற்கும் முன்னாலேயே அறுபதைத் தாண்டிவிட்டது.

“சோடாவைக் குடி மாறா.”

“குடிக்கத்தான் எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன். ரெண்டு சொட்டு கடப்பாரை மேல விழுந்துடுச்சு. எனக்கு முன்னாடி அது குடிச்சுட்டு ஏப்பம் விடுது. வந்து பாருங்க.”

எழிலரசி எழுந்து வந்தாள். மேசையில் பழைய பேப்பரை விரித்து அதன்மேல் கடப்பாரையைக் கிடத்தியிருந்தார்கள். அதன் நுனியில் காரை மாதிரி இறுகிப் போன மண் ஒட்டியிருந்தது. எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் மட்டும் பொடிப் பொடியாக வெள்ளை நுரை. குனிந்து காதைக் கொடுத்தால் மெலிசாக ஒரு சீறல் கேட்டது.

அவள் இன்னொரு சொட்டு பிழிந்தாள். மறுபடியும் பொங்கியது.

அந்தக் கடப்பாரைக்குச் சொந்தக்காரன் காசி, அடி அண்ணாமலைக்காரன். ஆடு வளர்ப்பவன். போன பௌர்ணமியன்று காணாமல் போனான். கிரிவலப் பாதையோரத் தண்ணீர்த் தொட்டியருகே அவனுடைய வேட்டியும் சட்டையும் மடித்து வைத்திருக்க, பக்கத்தில் இந்தக் கடப்பாரை சாய்ந்து கிடந்தது. காவி கட்டிக்கொண்டு சாமியாராகப் போய்விட்டான் என்று ஊர் சொன்னது. திருவண்ணாமலையில் இது புதுசில்லை. வருஷத்துக்கு நாலு பேர் வேட்டியை மடித்து வைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான். போலீஸ் ஸ்டேஷனிலும் அதையே சொல்லி அனுப்பினார்கள்.

ஒப்புக்கொள்ளாதவள் ஒருத்திதான். காசியின் பெண்டாட்டி சரசு. அவள் அந்தக் கடப்பாரையோடு மாடியேறி வந்து எழிலரசியிடம் கேட்டது ஒரே கேள்வி.

“சாமியாராப் போறவன் கடப்பாரைய இன்னாத்துக்கு மேடம் எடுத்துட்டுப் போனான்?”

அந்தக் கேள்விக்காகவே எழிலரசி வழக்கை எடுத்துக்கொண்டாள். கடப்பாரை கடைசியாக எந்த மண்ணைத் தோண்டியதோ, அங்கேதான் காசி கடைசியாக இருந்திருக்க வேண்டும். அதனால் நுனி மண்ணில் ஒரு பிடி சுரண்டி, வேங்கிக்காலில் மண் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கும் அருள்ராஜிடம் கொடுத்தாள். மறுநாளே அவனிடமிருந்து பதில் வந்தது. ஏரி வண்டல், சந்தேகமே வேண்டாம் என்றான். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஏரிக்கரையை ஒரு முள் விடாமல் சல்லடை போட்டார்கள். கிடைத்தது ஒற்றைச் செருப்பும், மாறனுக்கு ஜலதோஷமும்தான்.

எழிலரசி கணுக்காலில் ஒட்டியிருந்த ஏரிச் சேற்றை நகத்தால் சுரண்டிப் பேப்பரில் போட்டாள். அதன்மேல் மிச்ச எலுமிச்சையைப் பிழிந்தாள். சேறு நனைந்தது, அவ்வளவுதான்.

“இது ஏன் மேடம் உம்முனு இருக்குது?”

“இதுல சுண்ணாம்பு இல்ல. சுண்ணாம்பு ஜாஸ்தியா இருக்குற மண்ணுல புளிப்பு பட்டாத்தான் பொங்கும். கடப்பாரையில இருக்கறது ஏரி மண்ணே கெடையாது.”

“அப்ப அருள் சார் மெஷினு தப்பா சொல்லிடுச்சா?”

எழிலரசி எலுமிச்சைத் தோலைக் குப்பையில் போட்டாள். அதற்கு மெஷினே தேவையில்லை. அவளும் அருள்ராஜும் கல்லூரியில் ஒரே வகுப்பில் வேதியியல் படித்தவர்கள். எந்த மண் வந்தாலும் முதலில் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது முதல் வருஷப் பாடம். அன்றைக்கு ஒரே மேசையில், ஒரே குப்பியிலிருந்து இரண்டு பேரும் சொட்டு விட்டார்கள். நுரை பொங்கியதும் முதலில் சிரித்தது அருள்தான்.

“பாக்கெட் மாறியிருக்கும்” என்றாள். தனக்கே சொல்லிக்கொள்வது போலிருந்தது.

“இருக்கும் மேடம். எங்க லாட்ஜுல ஒருத்தரு பொண்டாட்டியவே மாத்திக் கூட்டிட்டு வந்தாரு.”

*

“சுண்ணாம்பு மண்ணா? அப்படின்னா அது சுக்கான் கரடுதான்” என்றாள் சரசு.

அடி அண்ணாமலையைத் தாண்டி மேற்கே மண் ரோட்டில் போனால் வரும் சின்னக் குன்று அது. பின்னால் அண்ணாமலை வானத்தை அடைத்துக்கொண்டு நிற்க, இது தரையோடு குந்தியிருந்தது. அடிவாரமெங்கும் சரளை. கோழிமுட்டையிலிருந்து தேங்காய் வரை எல்லா அளவிலும் கல். நடுநடுவே உடைமரமும் காரைப் புதரும். மழை வந்து போன அடையாளமாகக் கொழுக்கட்டைப் புல் திட்டுத் திட்டாய் நின்றது. சரசுவின் ஆடுகள் அதைக் கடித்துக்கொண்டிருந்தன.

“இங்க ஏர் ஓட்ட முடியாது மேடம். எவ்ளோ மழ பேஞ்சாலும் தண்ணி நிக்காது, சல்லடையில ஊத்துன மாதிரி எறங்கிப் போயிடும். எலுமிச்சக் கன்னு வெச்சாக்கூட எல மஞ்சளாப் பூத்து நின்னுடும். ஆனா ஆட்டுக்கு இந்த மேய்ச்சலு மாதிரி எதுவும் வராது. எங்க ஊரு ஆடெல்லாம் இங்கதான் மேயும்.”

“ஊர்ப் பொது நிலமா?”

“மேய்க்கால் பொறம்போக்கு. அந்தப் பக்கம் பாருங்க.”

வடக்கே கொஞ்ச தூரத்தில் வரிசையாகச் சிமெண்டுக் கம்பங்கள். ‘மலை பார்த்த மனைகள், பழத்தோட்டத்துடன்’ என்று ஒரு பலகை. எங்கிருந்தோ வந்த கம்பெனி பக்கத்துப் பட்டா நிலத்தை வாங்கி, வேலியைக் கரடு வரைக்கும் நகர்த்தப் பார்த்தது. மண் அள்ளும் வண்டிக்கு முன்னால் படுத்துத் தடுத்தவன் காசி. திங்கள்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸில் மனுவோடு நின்றவனும் அவன்தான். அடுத்த வாரம் நில அளவையர் வந்து அளக்கப் போகிறார். எல்லைக்கல் எங்கெங்கே நட்டிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டக்கூடிய ஒரே ஆளும் அவன்தான். அவன் இல்லாத ஊரில் மிச்சப் பேர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

எழிலரசி வேலிக் கம்பங்களை எண்ணினாள். ஒரு ஆள் காணாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. கடப்பாரையால் தோண்டிய குழியில் என்ன இருக்கும் என்று சரசுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நினைக்க அவளால் முடியவில்லை.

“இவ்ளோ பெரிய எடத்துல எங்கன்னு தேடுறது?” என்று முன்னால் நடந்த மாறன், அடுத்த அடியில் ஒரு கல்லில் கால் பெருவிரலை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கல் புரண்டது.

எழிலரசி குனிந்து அந்தக் கல்லை எடுத்தாள். மேல்பக்கம் வெயிலில் காய்ந்த செம்பழுப்பு. அடிப்பக்கம் வெற்றிலையில் தடவினாற்போல் வெள்ளையாகச் சுண்ணாம்பு. பக்கத்துக் கல்லைப் புரட்டினாள். அதற்கும் அடிவயிறு வெள்ளை. இன்னும் நாலைந்தைப் புரட்டினாள். எல்லாமே அப்படித்தான்.

“எனக்கு ரத்தம் வருது. நீங்க கல்லுக்கு வைத்தியம் பாக்குறீங்க” என்றான் மாறன்.

“மாறா, இங்க மழைத் தண்ணி மண்ணுல இருக்கற சுண்ணாம்பக் கரைச்சுக்கிட்டுக் கீழ எறங்குது. கல்லோட அடியில போயித் தொங்கி, அப்படியே காஞ்சு ஒட்டிக்குது. ஒரு மழையில நடக்கற வேலை இல்ல. நம்ம பாட்டன் முப்பாட்டன் காலத்துலேருந்து நடக்குது. அதனால இங்க இருக்கற ஒவ்வொரு கல்லுக்கும் மேல எது, கீழ எதுன்னு அடையாளம் இருக்கு.”

மாறன் விரலைப் பிடித்தபடியே யோசித்தான். “அப்ப எவனாவது குழி தோண்டி மூடியிருந்தா…”

“மண்ண நிரப்பலாம், கல்லையும் பரப்பலாம். ஆனா எந்தக் கல்லு எப்படிப் படுத்திருந்துச்சுன்னு யாரும் பாத்துப் போட மாட்டாங்க. பாதிக் கல்லு வெள்ளைய மேல காட்டிக்கிட்டுக் கெடக்கும்.”

“மல்லாந்து படுத்திருக்கற கல்லா தேடணும். சரி, தேடிடலாம். நமக்குத் தேட நாலு ஏக்கர்கூட இருக்காது, நாப்பதுதான் இருக்கும்.”

எழிலரசி எழுந்து கையைத் தட்டிவிட்டாள். வெகுநேரம் கம்பங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்து அருள்ராஜை அழைத்தாள்.

“அருள், அந்தக் கடப்பாரை மண்ணு ஏரி மண்ணு இல்ல போலருக்கு. சுண்ணாம்பு இருக்கு.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “அப்படியா? பையன் பாக்கெட்ட மாத்தி வெச்சுட்டான் போலருக்கு எழில். சாரி. உன்ன வீணா அலைய விட்டுட்டேன்.”

“பரவால்ல. அது சுக்கான் கரட்டு மண்ணுன்னு கண்டுபிடிச்சுட்டோம்.” அவள் வெள்ளை அடிவயிற்றுக் கதையை முழுசாகச் சொன்னாள். “நாளைக்குக் காலையில போலீஸ், ஊர்க்காரங்க எல்லாரையும் வரிசையா நிறுத்தித் தேடப் போறோம். வெள்ளை மேல இருக்கற எடத்தத் தோண்டினாப் போதும்.”

“நல்ல யோசனை. இப்ப எங்க இருக்க?”

“வேலூர் பஸ்ல. அபிநயாவப் பாத்துட்டு ராத்திரிதான் வருவேன்.” அபிநயா அவள் மகள், வேலூரில் படிக்கிறாள்.

“அவளுக்கு முறுக்கு வாங்கிட்டுப் போ. மாமா குடுத்தாருன்னு சொல்லு.”

அவள் போனை வைத்தாள். மாறன் அவளையே பார்த்தான்.

“பஸ்ஸு எங்க மேடம் நிக்குது? எனக்கு உடைமரந்தான் தெரியுது.”

“அவர்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கேன். போலீஸுக்குக்கூடச் சொல்லல. நாம இங்கயே உக்காரப் போறோம்.”

“யாரு வருவாங்கன்னு?”

“யாரும் வரக் கூடாதுன்னு” என்றாள் எழிலரசி.

*

உச்சி வெயிலில் கரட்டுப் பக்கம் காக்கைகூடப் பறக்காது. சரசுவை ஆடுகளோடு அந்தப் பக்கத்துக் கிணற்று மேட்டுக்கு அனுப்பிவிட்டு, இருவரும் காரைப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். சரளை சூடேறி, உட்கார்ந்த இடத்தைச் சுட்டது.

“தோசைக்கல்லுல ரெண்டு முட்டை ஊத்தின மாதிரி இருக்கோம்” என்று முனகினான் மாறன்.

எழிலரசி கேட்கவில்லை. அவள் நினைப்பெல்லாம் வேறு எங்கோ இருந்தது. அவளுடைய கணவர் பைபாஸில் அடிபட்டு இறந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கி வந்தவன் அருள்ராஜ். அபிநயாவுக்கு அப்போது பால் பல்கூட விழவில்லை. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, அழாமல் இருக்க மலையைச் சுற்றிச் சுற்றி நடந்தவன். துப்பறியும் நிலையம் என்று அவள் சொன்னபோது சிரிக்காத ஒரே ஆள். அந்தப் பலகையைத் தன் செலவில் எழுதி மாட்டியதும் அவனே.

பாக்கெட் மாறியிருக்கும். மாறாமல் வேறென்ன.

மண் ரோட்டில் ஒரு பைக் வந்தது. நிற்காமல் போயிற்று. அவள் மூச்சை விட்டாள். நிழல் கொஞ்சம் நகர்ந்தது. மாறன் கண்ணயர்ந்து, தலை இரண்டு முறை ஆடி, மூன்றாவது முறை அவள் தோளில் இடித்து விழித்தான்.

“இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிடலாம் மேடம். பாவம், அவரு நல்லவருதான்னு நெனைக்கிறேன். எனக்கு ஜலதோஷ மாத்திரையெல்லாம் அவருதான்…”

அவன் பேச்சு அறுந்தது. சிமெண்டுக் கம்பங்களுக்குப் பின்னால் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் தொப்பி போட்டிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கம்பி வேலியைத் தூக்கி நுழைந்தார். வழி தேடவில்லை. தன் வீட்டுக் கொல்லைக்குப் போகிறவர் மாதிரி நேராக ஒரு ஆவாரஞ் செடிக்குப் பக்கத்தில் போய் முட்டி போட்டார். ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார். அடுத்ததை எடுத்தார். வெள்ளை கீழே போகும்படி, ஒவ்வொன்றாக, அழுத்தமாக, நிதானமாக.

தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தபோது மாறன் தலையைக் குனிந்துகொண்டான்.

எழிலரசி பார்த்துக்கொண்டே இருந்தாள். அருள்ராஜ் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். கல்லூரியிலும் அப்படித்தான். கண்ணாடிக் குழாயைக் கழுவினால் அதில் முகம் தெரியும். அந்தக் கைகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். இப்போது அந்தக் கைகள் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தன.

அவள் எழுந்து நடந்தாள். சரளையில் செருப்புச் சத்தம் கேட்டு அவன் திரும்பினான். முகம் ஒரு கணம் வெளுத்து, மறுகணம் சிரித்தது.

“எழில்… வேலூர் போகலையா?”

“பாதியில எறங்கிட்டேன்.”

“நீ போன்ல சொன்னதும் மனசு கேக்கல. நம்ம தப்பால நீ அலைஞ்சியேன்னு, நானும் தேடிப் பாக்கலாம்னு வந்தேன். இங்க பாரு, இதுதான் எடம்னு நெனைக்கிறேன்.”

“தேட வந்தவன் ஏன் அருள் திருப்பி வெச்சுட்டிருந்தே?”

அவன் சிரிப்பு மெல்ல இறங்கியது. கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான். அப்போதும் வெள்ளை அடியில் போகும்படிதான் வைத்தான்.

“காசி உள்ளயா இருக்காரு?” என்று கேட்டாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

“ச்சீ.” அவன் நிஜமாகவே அடிபட்டவன் போல் பார்த்தான். “என்னைக் கொலைகாரன்னா நெனைச்சே?”

“காலையில வரைக்கும் எதுவுமே நெனைக்கல.”

மாறன் புதர் மறைவில் நிறுத்தியிருந்த தங்கள் ஸ்கூட்டரிலிருந்து மண்வெட்டியைக் கொண்டுவந்து தோண்ட ஆரம்பித்தான். மூடிய மண் இறுகவில்லை. ஒரு முழம் இறங்கியதும் மண் வெளிறிச் சாம்பல் நிறமாயிற்று. அருள்ராஜ் தடுக்கவில்லை, ஓடவும் இல்லை. காருக்குப் போகும் வழியில் எழிலரசி நின்றாள் என்பதனால் மட்டும் அல்ல.

கிணற்று மேட்டிலிருந்து சரசு பார்த்துவிட்டாள். ஒரு இடத்தைத் தோண்டுகிறார்கள் என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது. மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். முந்தானை காரை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. வந்தவள் குழியோரம் சரிந்து, “அவரா? அவரா மேடம்?” என்று கேட்டுக்கொண்டே கையால் மண்ணை வாரினாள்.

மண்வெட்டி ணங்கென்று மோதியது.

மாறன் குனிந்து தடவிப் பார்த்தான். “இல்லம்மா” என்றான் மெதுவாக. “இது கல்லு.”

நீளமான கருங்கல். செதுக்கிய முனை. முனையில் வெட்டிய அடையாளம். அதற்கு அடியில் இன்னொன்று. அதற்கும் கீழே மூன்றாவது.

சரசு அழுகையை நிறுத்தி அவற்றை உற்றுப் பார்த்தாள். “இது எங்க எல்லைக்கல்லு. இதோ, இந்த மூளி, நாங்க கத்தி தீட்டித் தீட்டி வந்தது. இத எவன் புடுங்கிப் பொதைச்சான்?”

எழிலரசி அருள்ராஜைப் பார்த்தாள். “சொல்லு.”

“கல்லு இருந்தா அளவ அங்கிருந்து தொடங்குவாங்க. இல்லேன்னா எங்கிருந்து வேணாலும் தொடங்கலாம்” என்றான் அவன் தரையைப் பார்த்து. “அந்தக் கம்பெனியில எனக்கும் பங்கு இருக்கு எழில். செம்மண், பழத்தோட்டத்துக்கு ஏத்ததுன்னு இந்த மண்ணுக்குச் சான்று குடுத்ததே நான்தான். ஊரெல்லாம் மண்ண வித்துப் பொழைக்குது. நான் மட்டும் சோதிச்சுக்கிட்டே இருக்கணுமா?”

“காசி எங்க?”

அவன் சரசுவை ஒரு முறை பார்த்தான். பிறகு எழிலரசியிடமே சொன்னான். “இத அவங்க முன்னாடி கேக்காதே.”

“கேக்குறேன்.”

“கல்லப் புடுங்கினதே காசிதான். எந்தக் கல்லு எங்க இருக்குன்னு வேற யாருக்குத் தெரியும்? பொதைச்சதும் அவருதான். தொட்டிகிட்ட வேட்டிய மடிச்சு வெச்சுட்டு என் கார்ல ஏறினாரு. கடப்பாரைய மறந்துட்டாரு. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாந்தோப்புல இருக்காரு. அளவு முடிஞ்சதும் அவருக்கு அங்க ஒரு வீடு.”

“பொய்” என்றாள் சரசு. சத்தம் போடவில்லை. “வண்டிக்கு முன்னாடி படுத்தவன்யா அவன்.”

“அதனாலதாம்மா அவரத் தேடிப் போனோம்” என்றான் அருள்ராஜ்.

எழிலரசி கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான். அவளே எண்ணைத் தேடி அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். போன் இரண்டு முறை ஒலிப்பதற்குள் எடுத்தார்கள்.

“சார், சொல்லுங்க சார். அளவு முடிஞ்சுச்சா? ஊர்ல எவனும் சந்தேகப்படலையே? இந்த வீட்டு வெவகாரம் மட்டும் சீக்கிரம் முடிச்சுக் குடுத்துடுங்க சார்.”

பின்னால் எங்கோ டிவி ஓடிக்கொண்டிருந்தது. காசியின் குரலில் வருத்தமோ பயமோ இல்லை. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவனின் குரல். சரசு போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் எழிலரசி எதிர்பார்த்த எதுவும் வரவில்லை.

“சார்? கேக்குதா?”

சரசு போனைக் கையில் வாங்கினாள். “சரசு பேசுறேன்.”

டிவிச் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

“சரசு… நீ எப்படி… நான் சொல்றதக் கேளு. நமக்காகத்தான். கொஞ்ச நாள் கழிச்சு உன்னையும் கூட்டிக்கலாம்னு…”

“ஊரே நீ சாமியாராப் போயிட்டேன்னு சொன்னப்ப, இல்லேன்னு வீடு வீடாப் போயிச் சண்ட போட்டவ நான் ஒருத்திதான்” என்றாள் சரசு. “செத்திருந்தாக்கூட நல்லா அழுதிருப்பேன். இப்ப அழவும் வரல. நீ அங்கயே இரு.”

போனை எழிலரசியிடம் நீட்டிவிட்டு, குழிக்குள் இறங்கி ஒரு எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். நில அளவையர் வந்து பார்க்கும்வரை அங்கேயே இருப்பேன் என்றாள். யார் சொல்லியும் எழவில்லை. கடைசியில் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் தண்ணீர்க் குடத்தோடு வந்து அவளோடு உட்கார்ந்தார்கள்.

ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லிவிட்டு ஜீப் வரக் காத்திருந்த நேரத்தில், அருள்ராஜ் காரின் நிழலில் நின்றபடி ஒரே ஒரு தரம் வாயைத் திறந்தான்.

“ஊர்ல எத்தனை லேப் இருக்கு எழில். அந்த மண்ண நீ வேற யார்கிட்டயாவது குடுத்திருக்கலாமே.”

அவன் குற்றம் சாட்டவில்லை. நிஜமான வருத்தத்தோடுதான் கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

சாயங்காலம் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதினார்கள். சாமியார் கதையைச் சொல்லி சரசுவைத் திருப்பியனுப்பிய போலீஸ்காரரே இப்போது கணினி முன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதில் கொஞ்சமும் கூச்சமில்லை. காசியைக் கூட்டிவர ஆள் அனுப்பியாகிவிட்டது. எல்லைக்கற்களைப் படம் பிடித்தாகிவிட்டது. மண்ணைப் பற்றிப் பேசிப் பேசி மாறனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. நுரை வந்த கதையை அங்கிருந்த காவலர்களுக்கு அவன் இரண்டாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவர்கூட நம்பவில்லை.

எழிலரசியின் போன் அதிர்ந்தது. அபிநயா. ‘மாமா போனே எடுக்கல, உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டிருந்தாள். எழிலரசி அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு நேரில் சொல்லிக்கொள்ளலாம். எப்படிச் சொல்வது என்று தெரிந்தபின்.

“எல்லாம் சரியா இருக்கு மேடம்” என்றார் கணினி முன் இருந்தவர். “ஒண்ணு மட்டும் விட்டுப் போச்சு. அருள்ராஜ்ங்கறவரு உங்களுக்கு என்ன வேணும்? சொந்தமா, நண்பரா? இங்க ஒரு வார்த்தை போடணும்.”

மாறன் உள் அறைப் பக்கம் திரும்பினான்.

உள் அறையில் பெஞ்சில் அருள்ராஜ் உட்கார்ந்திருந்தான். கதவு திறந்தே இருந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும். அவன் தலையைத் தூக்கவில்லை.

எழிலரசி வாயெடுத்தாள். வாயில் வந்த வார்த்தை எதுவும் இனி அவனுக்குப் பொருந்தவில்லை.

“தெரிஞ்சவர்னு போடுங்க” என்றாள்.

அவர் போட்டுக்கொண்டார்.